அப்பாவின் ரிப்போர்ட் யார் கையில்? கைப்பேசியில் உடல்நலத் தகவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை ஆவணப் பிரிவில் வேலை பார்ப்பவர்களிடம் முன்பெல்லாம் "பழைய ஃபைல் கிடைக்குமா?" என்றுதான் கேட்பார்கள். இப்போது கைப்பேசியை நீட்டிக்கொண்டே கேட்கிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம், அரசுத் திட்டம் பற்றியவை இந்தியாவில் இருப்பவர்களுக்கு. மற்றவை எங்கே இருப்பவருக்கும் உதவும்.

எல்லா ரிப்போர்ட்டுகளையும் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறேன். போதாதா?

அனுப்புவதற்குப் போதும்; வைத்திருப்பதற்குப் போதாது. மருத்துவர் எதிரே உட்கார்ந்திருக்க, காலை வணக்கப் படங்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவே போன வருட எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை விரலால் தள்ளித் தள்ளித் தேடுபவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். கிடைத்தாலும் எழுத்து மங்கியிருக்கும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுகிறது. ரிப்போர்ட்டை ஆவணமாக, அதாவது 'டாகுமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் சுருங்காமல் போகும்.

இன்னொரு சிக்கல் குடும்பக் குழு. அதில் போடும் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட், தானாகவே பதிவிறங்கும் வசதி இயங்கும் ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் படத்தொகுப்பில் போய் உட்கார்கிறது. அங்கிருந்து அவரவர் இணைய மேகச் சேமிப்புக்கும் ('கிளவுட்') போகிறது. வழியில் யாரும் படிக்க முடியாதபடி வாட்ஸ்அப் பூட்டுகிறது என்பது உண்மைதான். போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பூட்டால் பயனில்லை. சித்தப்பாவின் பையன் கைப்பேசியில் விளையாடும்போது உங்கள் பயாப்ஸி முடிவு கண்ணில் படலாம்.

மருத்துவருக்கு அனுப்புவதில் தவறில்லை. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வாட்ஸ்அப் வழியான ஆலோசனையை அனுமதிக்கின்றன. அவருடைய எண்ணுக்குத் தனியாக அனுப்புங்கள், நோயாளியின் பெயரையும் வயதையும் முதல் வரியில் எழுதுங்கள்.

அப்படியானால் எதை, எப்படிச் சேமிப்பது?

எல்லாவற்றையும் சேமிக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, பயாப்ஸி முடிவு, எக்கோ, கடைசியாக எடுத்த ஈசிஜி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ஒவ்வாமை தரும் மருந்துகள், தடுப்பூசி விவரம். இவை இருந்தால் புதிய மருத்துவர் உங்களை ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்வார். மூன்று நாள் காய்ச்சலுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் பத்து வருட வாழ்க்கை தேவையில்லை.

கோப்பின் பெயரை ஆண்டில் தொடங்குங்கள்: '2024-03-11 அம்மா எக்கோ' என்பது போல. அப்போது அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும். படம் எடுக்கும்போது தாளின் நான்கு மூலைகளும் தெரியட்டும். பெயரும் தேதியும் வெட்டுப்பட்ட ரிப்போர்ட் யாருடையது என்று எந்த மருத்துவரும் ஊகிக்க மாட்டார்.

ஈசிஜியை உடனே படம் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது வெப்பத்தில் அச்சாகும் தாள். பிளாஸ்டிக் உறைக்குள் சில வருடங்கள் இருந்தால் கோடுகள் வெளிறி வெறும் தாளாகிவிடும். பழைய நெஞ்சுவலியின்போது எடுத்த ஈசிஜி இருந்தால்தான் இன்றைய ஈசிஜியில் தெரிவது புதிய மாற்றமா, பழையதா என்று சொல்ல முடியும்.

மாத்திரை அட்டையையும் படம் எடுக்கலாம். ஆனால் மருந்தின் பெயரும் அளவும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கம் அதுதானா என்று பாருங்கள். கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் ஒரு துண்டிலும் மாத்திரை மறு துண்டிலும் போய்விடுவது நம் ஊர் வழக்கம்.

சி.டி., எம்.ஆர்.ஐ. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எடுத்த படம் எதற்கும் உதவாது. ஸ்கேன் மையத்தில் மூலப் படங்கள் அடங்கிய குறுந்தகடோ இணைப்போ கேட்டு வாங்குங்கள். 'டைகாம் கோப்பு' என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

பழைய ரெக்கார்டு கேட்டால் மருத்துவமனை இழுத்தடிக்கிறது. கேட்க உரிமை உண்டா?

உண்டு. இந்திய மருத்துவ மன்றத்தின் 2002 நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்து கேட்ட மாத்திரத்தில் பல இடங்களில் ஃபைல் கிடைத்துவிடும். இதை உள்ளே இருந்துகொண்டே சொல்கிறேன். மூன்று ஆண்டுகள் என்பதையும் கவனியுங்கள். அதற்கு மேல் வைத்திருக்க அவர்களுக்குக் கட்டாயம் இல்லை.

ஆபா எண் என்பது என்ன? கட்டாயமா?

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தரப்படும் 14 இலக்க உடல்நல அடையாள எண். 2020 ஆகஸ்டில் ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் விரிந்தது. இன்று 70 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் இந்த எண் இருக்கிறது. அவர்களில் பலருக்குத் தம்மிடம் அது இருப்பதே தெரியாது என்பது வேறு விஷயம். எண்ணோடு மின்னஞ்சல் முகவரி போன்ற ஓர் ஆபா முகவரியும் உண்டு. ரிப்போர்ட்டுகளை இணைப்பதும் பகிர்வதும் அந்த முகவரி வழியாகத்தான்.

கட்டாயம் இல்லை. எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது. வேண்டாம் என்றால் நீக்கிக்கொள்ளவும் முடியும்.

ஆபா அட்டையைக் காட்டினால் சிகிச்சை இலவசமா?

இல்லை. இந்த ஒரு குழப்பத்தால் கவுன்டரில் நடக்கும் வாக்குவாதங்களுக்கு அளவே இல்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தருவது ஆயுஷ்மான் அட்டை. தமிழ்நாட்டில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. ஆபா வெறும் அடையாள எண். அதில் பணம் இல்லை.

ஆபாவால் நேரடியாகக் கிடைக்கும் வசதி, புறநோயாளி பிரிவு வரிசையில் நிற்காமல் பதிவது. வாசலில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். குறியீட்டை ஆபா செயலியில் ஸ்கேன் செய்தால் உங்கள் பெயர், வயது, பாலினம், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை பதிவு மேசைக்குப் போய் டோக்கன் வந்துவிடும். அப்போது போவது இந்த அடையாள விவரங்கள் மட்டும்தான். ரிப்போர்ட்டுகள் போகா.

என் ரிப்போர்ட்டுகளை அரசாங்கம் ஓரிடத்தில் குவித்து வைக்கிறதா?

திட்டத்தின் அமைப்பு அப்படி இல்லை. ரிப்போர்ட் அதை உருவாக்கிய மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ இருக்கும். நீங்கள் ஒப்புதல் தரும்போது அங்கிருந்து கேட்டவருக்குப் பூட்டிய வடிவில் போகும். நடுவில் இருக்கும் அமைப்பு ஒப்புதலைச் சரிபார்த்து வழிவிடுகிறது.

இதைக் கேட்டு முழு நிம்மதி அடைய வேண்டாம். அப்படியானால் பாதுகாப்பு அந்தந்த மருத்துவமனையின் கணினியைப் பொறுத்தது என்று ஆகிறது. டெல்லி எய்ம்ஸ் போன்ற பெரிய நிறுவனத்தின் சர்வர்களையே 2022 நவம்பரில் இணையத் தாக்குதல் முடக்கியது, ஓ.பி. சீட்டைக் கையால் எழுதும் நிலை வந்தது. தெருமுனை ஆய்வகத்தில் ஒரே கடவுச்சொல்லை நான்கு ஊழியர்கள் பயன்படுத்துவதை எந்தத் திட்டமும் தடுத்துவிடாது.

ரிப்போர்ட்டுகளைப் பார்க்க ஒப்புதல் கேட்டு ஆபா செயலியில் அறிவிப்பு வருகிறது. 'சரி' என்று அழுத்திவிடலாமா?

அரை நிமிடம் நின்று படித்துவிட்டு அழுத்துங்கள். இந்தத் திரை ஒன்றுதான் முழு ஏற்பாட்டிலும் உங்கள் கையில் இருக்கும் சாவி. அதில் கேட்பவர் யார், எதற்காக, எந்த வகை ஆவணங்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எப்போது காலாவதியாகும் என்ற விவரங்கள் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. முழங்கால் வலிக்கு எலும்பு மருத்துவரிடம் போகிறீர்கள். கோரிக்கையில் மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி என எல்லா வகையும், பல ஆண்டுகளுக்கான தேதியும் டிக் செய்யப்பட்டிருக்கலாம். அவருக்குத் தேவை எக்ஸ்-ரேயும், ரத்தப் பரிசோதனையும், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளும். ஆறு வருடங்களுக்கு முன் மனநல மருத்துவரைப் பார்த்த சீட்டு அவருக்கு எதற்கு? தேதியைக் குறைக்கலாம், வேண்டாத வகையை எடுத்துவிடலாம், காலாவதியை முன்கூட்டி வைக்கலாம். கொடுத்த ஒப்புதலைப் பிறகு திரும்பப் பெறவும் முடியும். ஆனால் அதற்குள் அவர் பார்த்துவிட்டதை, பதிந்துகொண்டதைத் திரும்பப் பெற முடியாது.

அதேசமயம், மயக்க மருந்து தரப் போகிறவரிடமோ புதிதாக இதய மாத்திரை தொடங்குபவரிடமோ எதையும் மறைக்காதீர்கள். மனநல மாத்திரைகளில் சில பிற மருந்துகளோடு மோதுபவை. சீட்டைக் காட்ட மனமில்லை என்றால் மாத்திரையின் பெயரையாவது சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனையில் என் ஃபைல் இருக்கிறது. ஆபா செயலியில் மட்டும் வரவில்லையே?

முதல் சந்தேகம் இனிஷியல் மீது. ஆதாரில் 'முருகன் எஸ்', மருத்துவமனையில் 'எஸ். முருகன்', ஆய்வகத்தில் தந்தை பெயரையும் சேர்த்து 'சுப்பையா முருகன்'. நமக்கு மூவரும் ஒருவர். கணினிக்கு மூன்று பேர். பெயர், பாலினம், பிறந்த ஆண்டு, கைப்பேசி எண் ஆகியவற்றை வைத்துத்தான் அது பொருத்திப் பார்க்கிறது. வயதானவர்களுக்கு ஆதாரில் தோராயமாகச் சொன்ன பிறந்த ஆண்டு இருக்கும். மருத்துவமனையில் அன்று வாய்க்கு வந்த வயதைச் சொல்லியிருப்பார்கள். பதிவு மேசையில் ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்; பழைய பதிவையும் திருத்தக் கேளுங்கள். அந்த மருத்துவமனை இன்னும் திட்டத்தில் சேராமலும் இருக்கலாம். அப்போது நீங்களே படமெடுத்து ஏற்றுவதுதான் வழி.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே கைப்பேசி எண்ணைக் கொடுக்கிறோம். தொல்லை உண்டா?

உண்டு, நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஆய்வகம் முடிவை அனுப்புவது பதிவான எண்ணுக்கு. மருமகளின் கருப்பரிசோதனை முடிவு மாமனாரின் கைப்பேசியில் முதலில் ஒலிக்கும். கல்லூரி மாணவி பெண்கள் நல மருத்துவரைப் பார்த்தது அப்பாவுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். வயது வந்த ஒவ்வொருவரும் தம் எண்ணையே கொடுங்கள். கவுன்டரில் உரக்கச் சொல்ல வேண்டாம் என்றால் எழுதிக் காட்டுங்கள்.

நான் லண்டனில் இருக்கிறேன். அப்பாவின் சர்க்கரை அளவைச் செயலியில் பகிர்கிறோம், எண்கள் ஒத்துப்போகவில்லை.

அலகு வேறு. இந்தியாவில் சர்க்கரையை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்கிறோம். பிரிட்டனில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல். இந்திய எண்ணை 18-ஆல் வகுத்தால் பிரிட்டன் எண் வரும். வெறும் வயிற்றில் 126 என்பது அங்கே 7. தாழ்சர்க்கரை எல்லையான 70 அங்கே 3.9. மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி-யிலும் இதே கதை: இங்கே 7 சதவீதம் என்பது அங்கே 53. செயலியின் அமைப்புப் பக்கத்தில் இருவருக்கும் ஒரே அலகை வையுங்கள். அங்குள்ள மருத்துவரிடம் "அப்பாவுக்கு 180" என்று மட்டும் சொன்னால் அவர் திடுக்கிடுவார்.

கையில் ஒட்டும் தொடர் சர்க்கரை உணரி பற்றியும் ஒரு சொல். அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் செல்களைச் சூழ்ந்த நீரை. சாப்பிட்டவுடனும் நடந்தவுடனும் அது ரத்த அளவைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கும். அப்பா வியர்த்துத் தளர்ந்திருக்கும்போது உணரி 'சரி' என்று காட்டினால் உடலை நம்பி விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்பாவுக்குச் சொல்லாமலே அவருடைய ரிப்போர்ட்டுகளை நாங்கள் பார்த்துக்கொள்ளலாமா? பயந்துவிடுவார்.

இந்தக் கேள்விக்கு என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. நினைவும் முடிவெடுக்கும் திறனும் சரியாக இருக்கும் ஒருவரின் உடலைப் பற்றிய தகவல் அவருடையது. அவர் பயப்படுவார் என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. கடவுச்சொல் பிள்ளையிடம், ஓ.டி.பி. மருமகளிடம், ரிப்போர்ட் குழுவில், அவர் மட்டும் "எல்லாம் நார்மல்தான்" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முந்தின நாள் இரவு வரைபடத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் "நேற்று ராத்திரி இனிப்பு சாப்பிட்டீர்களா அப்பா?" என்று வெளிநாட்டிலிருந்து விசாரணை வந்தால், அவர் உணரியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது, எப்போது தொலைபேசியில் கூப்பிடுவது என்று அவரிடமே பேசி முடிவு செய்யுங்கள். 70-க்குக் கீழே போனால் மட்டும் எச்சரிக்கை மணி மகளுக்கு வரட்டும், மற்றதை மாதம் ஒருமுறை சேர்ந்து பார்ப்போம் என்ற ஏற்பாட்டுக்குப் பெரும்பாலான பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

கைக்கடிகாரம் காட்டும் எண்களை மருத்துவரிடம் காட்டலாமா?

நாடித் துடிப்பு, நடை, உறக்க நேரம் ஆகியவற்றின் போக்கைக் காட்டலாம். தனி ஒரு நாளின் எண்ணை வைத்து வாதாட வேண்டாம். தோலைக் குத்தாமலே சர்க்கரையைச் சொல்லும் கடிகாரம், மோதிரம் என்று விற்பவற்றை வாங்காதீர்கள். அப்படிப்பட்ட எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. ஆக்சிஜன் அளவிலும் கவனம் வேண்டும். ஒளியை வைத்து அளக்கும் கருவிகள் கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம்மில் பெரும்பாலோருக்கு இது பொருந்தும்.

பிரஷருக்கு மேற்கையில் சுற்றும் பட்டைக் கருவியே நம்பகம். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் எழுதிக் கொண்டுபோனால் மருத்துவர் மகிழ்வார்.

மாதவிடாய்ச் செயலிகள் பாதுகாப்பானவையா?

ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் உண்டு. ஃப்ளோ என்ற புகழ்பெற்ற செயலி, தகவலை வெளியே தர மாட்டோம் என்று சொல்லிவிட்டு ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களுடன் பகிர்ந்ததாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது; 2021-இல் அந்த வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. மருந்து விலைத் தள்ளுபடிச் செயலியான குட்ஆர்எக்ஸ் மீதும் 2023-இல் இதே போன்ற நடவடிக்கை வந்து 15 லட்சம் டாலர் அபராதம் ஆனது. கணக்கு தொடங்காமலே பயன்படுத்த முடிகிற, தகவலைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்கிற செயலியைத் தேர்ந்தெடுங்கள். தேதியைக் குறிக்க மட்டும் என்றால் சுவர் நாட்காட்டியில் ஒரு புள்ளி போதும். அதை எந்த விளம்பர நிறுவனமும் வாங்க முடியாது.

ஒரு செயலியை நம்பலாமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அது என்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலிக்குத் தொடர்புப் பட்டியலும் இருப்பிடமும் எதற்கு? கணக்கை நீக்கும் வழி செயலிக்குள்ளேயே இருக்கிறதா? உங்கள் தகவலை மொத்தமாகத் தரவிறக்க முடிகிறதா? இரண்டும் இல்லை என்றால் நிறுவாதீர்கள். ஆண்ட்ராய்டில் 'ஹெல்த் கனெக்ட்', ஐபோனில் 'ஹெல்த்' பகுதிக்குள் போனால் எந்தச் செயலி எதைப் படிக்கிறது என்ற பட்டியல் இருக்கும். எப்போதோ நிறுவி மறந்த ஓட்டப் பயிற்சிச் செயலி இன்னும் உங்கள் எடையைப் படித்துக்கொண்டிருப்பதை அங்கே காண்பீர்கள். நடைப்பாதைகளையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஓட்டம், நடையைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் வடிவமே தெரிந்துவிட்டதாக 2018 ஜனவரியில் பெரும் சலசலப்பு எழுந்தது.

ரிப்போர்ட்டைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றி விளக்கம் கேட்கலாமா?

சொற்களுக்குப் பொருள் தெரிந்துகொள்ளக் கேட்கலாம். பெயர், தொலைபேசி எண், நோயாளி எண், க்யூ.ஆர். குறியீடு உள்ள மேல்பகுதியை வெட்டிவிட்டு ஏற்றுங்கள். க்யூ.ஆர்.-ஐ மறப்பவர்கள் அதிகம். அதை ஸ்கேன் செய்தாலே முழு ரிப்போர்ட் திறக்கும் ஆய்வகங்கள் உண்டு. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது பற்றி அதனிடம் கேட்க வேண்டாம்.

காப்பீட்டு நிறுவனச் செயலியில் நடையைப் பகிர்ந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தள்ளுபடி வருடத்துக்கு ஒருமுறை. தகவல் போவது தினமும். நடையை மட்டும் பகிர முடிந்தால் பரவாயில்லை. எடை, உறக்கம், நாடித் துடிப்பு எல்லாம் வேண்டும் என்றால் நான் கொடுக்க மாட்டேன். பாலிசி எடுக்கும்போது கேட்கப்படும் நோய் விவரங்களை மட்டும் ஒன்றுவிடாமல் உண்மையாகச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பின்னால் கிளெய்ம் நிற்கும்.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, இனி கவலையில்லையா?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், நம் தகவலைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை, நமக்குப் பின் அந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. உடல்நலத் தகவலுக்கென்று தனியான, கூடுதல் பாதுகாப்பு அதில் இல்லை. இது எனக்குக் குறையாகவே படுகிறது. மேலும், ஒருவர் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகக் கையாளும் தகவலுக்குச் சட்டம் பொருந்தாது. குடும்பக் குழுவில் அத்தை பரப்பிய ரிப்போர்ட்டுக்கு அபராதம் கிடையாது.

நான் மயங்கி விழுந்தால் பூட்டிய கைப்பேசி எப்படி உதவும்?

பூட்டைத் திறக்காமலே தெரியும் அவசரத் தகவல் பக்கம் ஐபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டுகளிலும் இருக்கிறது. ரத்த வகை, ஒவ்வாமை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இன்சுலின், கூப்பிட வேண்டிய இருவரின் எண் ஆகியவை போதும். இதே விவரங்களை ஒரு சிறு தாளில் எழுதிப் பர்ஸிலும் வையுங்கள். 108-இல் வருபவருக்கு உங்கள் கைப்பேசியை ஆராய நேரம் இருக்காது. அதில் சார்ஜும் இல்லாமல் போகலாம்.

எண்ணை மாற்றப் போகிறேன். முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே ஆபா, ஆதார், வழக்கமாகப் போகும் மருத்துவமனை, ஆய்வகம், காப்பீட்டு நிறுவனம் எல்லாவற்றிலும் புதிய எண்ணைப் பதியுங்கள். பழைய எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. இல்லாமல் பல இடங்களில் மாற்றவே விடமாட்டார்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். அதன்பின் உங்கள் ரிப்போர்ட் தயார் என்ற செய்தி, திறக்கும் இணைப்போடு, அவருக்குத்தான் போகும். கைப்பேசியே திருட்டுப் போனால் முதலில் சிம்மை முடக்குங்கள், வேறொரு கருவியிலிருந்து எல்லாக் கணக்குகளிலும் வெளியேறுங்கள், பிறகு காவல் துறைப் புகார் எண்ணோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் கைப்பேசியையும் முடக்கக் கேளுங்கள்.